பின்னால் மாட்ட முடியாததை முதலில் வாங்குங்கள்

முதல் கார் வாங்கப் போகும் தம்பி, தங்கைகளுக்கு,

மூன்று லட்சமோ நான்கு லட்சமோ சேர்த்து வைத்துக்கொண்டு, பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் இருக்கும் எல்லோருக்கும் இந்த மடல். ஸ்விஃப்ட், ஐ10, ஐ20, போலோ, ஃபிகோ, டியாகோ, வேகன் ஆர் என்று எது மனதில் இருந்தாலும் சரி. நான் கார் பட்டறை நடத்துகிறவன். வாங்கிய பிறகு வண்டியோடு வருகிறவர்களிடம், வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டியதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை ஒருமுறை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

சொல்ல வந்தது ஒன்றுதான். காரில் சில பொருள்களை எப்போது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். அலாய் வீல், மியூசிக் சிஸ்டம், சீட் கவர், ரிவர்ஸ் கேமரா எல்லாம் அந்த வகை. வேறு சிலவற்றை எவ்வளவு பணம் கொட்டினாலும் பிறகு மாட்ட முடியாது. ஏர்பேக், சக்கரம் பூட்டாமல் பிரேக் பிடிக்க உதவும் ஏ.பி.எஸ்., மோதலில் நசுங்காத கூடு ஆகியவை அந்த வகை. மாட்ட முடியாதது இருக்கிறதா என்று பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுங்கள். மாட்ட முடிந்ததைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நம் ஊரில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். அலாய் வீலும் டச் ஸ்கிரீனும் ஏற்கெனவே போட்டிருக்கிற வண்டிக்கு ஆசைப்பட்டு அதிக விலை கொடுக்கிறார்கள். ஏர்பேக் இருக்கிறதா என்ற கேள்வி கடைசியில்கூட வருவதில்லை.

இந்த அளவுக் கார்கள் நம் சந்தையில் இத்தனை கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2006 பட்ஜெட்டில், 4 மீட்டருக்குள் நீளமும் பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள் என்ஜினும் உள்ள கார்களுக்கு எக்சைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு கம்பெனிகள் எல்லாம் அந்த அளவுக்குள் வண்டி செய்வதில் இறங்கின. 1.3 லிட்டர் என்ஜினோடு வந்த ஸ்விஃப்ட் 2010-இல் 1.2 லிட்டருக்கு மாறியதும் இந்தக் கணக்கில்தான். ஐ10 இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்பட்டது, முதல் தலைமுறை ஃபிகோ மறைமலை நகரில். இரண்டும் நம் கண் முன்னால் ஓடிப் பழகிய வண்டிகள். ஆனால் விலைக்குள் அடக்க வேண்டும் என்ற போட்டியில் முதலில் வெட்டப்பட்டது பாதுகாப்பு. ஒரே காரில் விலை உயர்ந்த வகைக்கு ஏர்பேக் கொடுத்துவிட்டு, கீழ் வகைகளை வெறுமனே விட்டார்கள். இன்று பழைய கார் விற்கும் கன்சல்டிங்குகளில் வரிசையாக நிற்பவற்றில் பல அந்தக் கீழ் வகைகள்.

2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு நம் நாட்டுச் சின்னக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800, ஐ10, ஃபிகோ, நானோ, போலோ, அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஸ்விஃப்ட் என்று எல்லாவற்றுக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம். அதில் நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. போலோவின் கூடும் ஃபிகோவின் கூடும் மோதலில் நிலைகுலையாமல் நின்றன. மற்றவற்றின் கூடு தாங்கவில்லை. அதே போலோவில் இரண்டு ஏர்பேக் வைத்து மோதியபோது 4 நட்சத்திரம் வாங்கியது. அதன் பிறகு ஏர்பேக் இல்லாத போலோவை விற்பதையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே 2014-க்குப் பின்னால் வந்த போலோ எந்த வகையானாலும் இரண்டு ஏர்பேக் இருக்கும். டியாகோ 2020-இல் 4 நட்சத்திரம் வாங்கியது. பராமரிப்புச் செலவுக்குப் பயந்து போலோவை ஒதுக்குகிறவர்கள் உண்டு. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் ஊரில் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த நல்ல மெக்கானிக் இருந்தால், நான் அந்த வண்டியை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

சட்டம் எந்தத் தேதியில் மாறியது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். 2019 ஜூலை முதல் ஓட்டுகிறவருக்கு ஏர்பேக் கட்டாயம். பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக் வேண்டும் என்பது எல்லா வண்டிக்கும் 2022 பிறந்தபோதுதான் முழுமையாக அமலுக்கு வந்தது. அதனால் 2020, 2021 மாடல் என்று சொல்லிக் காட்டும் வண்டியிலும் அடிப்படை வகை என்றால் ஸ்டியரிங்கில் மட்டும் ஒரே ஏர்பேக் இருக்கலாம். பக்கத்தில் உட்காரப் போவது உங்கள் அம்மாவோ மனைவியோதான்.

ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்வோம், அதிகம் விசாரிக்கப்படுவது அதுதான். 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறையில், பெட்ரோலில் இசட்.எக்ஸ்.ஐ. வகைக்குத்தான் ஏர்பேக் இருந்தது. பின்னால் பெயரோடு 'ஓ' என்ற எழுத்து சேர்ந்த வகைகளிலும் வந்தது. 2018 பிப்ரவரியில் வந்த மூன்றாம் தலைமுறையில் எல்லா வகையிலும் இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ்., குழந்தை இருக்கையை மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கி எல்லாம் உண்டு. அதற்கும் மோதல் சோதனையில் 2 நட்சத்திரம்தான் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஏர்பேக் இல்லாத 2014 வண்டிக்கும் 2018 வண்டிக்கும் நடுவில் தயங்கி நின்றால், ஒரு வருடம் பொறுத்துப் பணம் சேர்த்தாவது 2018 வண்டிக்குப் போங்கள். அந்த இரண்டாம் தலைமுறையில் ஒரே வருடம், ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே கிலோமீட்டர் ஓடிய, ஏர்பேக் இல்லாத வி.எக்ஸ்.ஐ.யும் ஏர்பேக் உள்ள இசட்.எக்ஸ்.ஐ.யும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், விலையில் இருக்கும் வித்தியாசத்தைப் பார்த்து, "அந்தக் காசுக்கு அலாய் போட்டுக்கலாமே அண்ணா" என்று கேட்கிற பையன்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். அலாய் வீல் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஏர்பேக் கடையில் கிடைக்காது.

ஏன் பிறகு மாட்ட முடியாது என்று கேட்கலாம். ஏர்பேக் தனியாக வேலை செய்யும் பொருள் கிடையாது. முன்பக்கம் மோதியதை உணரும் சென்சார், முடிவெடுக்கும் கன்ட்ரோல் யூனிட், அதற்கென்று தனி ஒயரிங், கிழிந்து திறக்கும்படி செய்யப்பட்ட டேஷ்போர்டு, அதே நொடியில் உடம்பை இருக்கையோடு இறுக்கிப் பிடிக்கும் சீட் பெல்ட் என்று எல்லாம் சேர்ந்து, ஒரு நொடியில் நூறில் மூன்று பங்கு நேரத்தில் நடந்து முடிய வேண்டும். உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய ஏர்பேக் மலிவாகக் கிடைக்கிறது, மாட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கதவுக் கைப்பிடி, பக்கவாட்டுக் கண்ணாடி, கம்பெனி ரிம் போன்றவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டைக்குப் போய்த் தேடுங்கள், நல்ல பொருள் கிடைக்கும். உயிர் காக்கும் பொருளைப் பழையதாக வாங்காதீர்கள்.

வண்டி பார்க்கப் போனதும் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்றைச் சொல்கிறேன். ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்கள். மீட்டரில் விளக்குகள் எரியும். அதில் ஏ.பி.எஸ். என்று எழுதிய விளக்கையும், பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு முன்னால் ஒரு பந்து இருப்பது போன்ற படத்தையும் தேடுங்கள். இரண்டும் எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு இருக்கிறது, செலவு உண்டு. எரியவே இல்லை என்றால் அதைவிடப் பெரிய விஷயம். விபத்தில் ஏர்பேக் வெடித்த பிறகு புதிதாகப் போடாமல், மூடியை மட்டும் ஒட்டி, விளக்கின் இணைப்பைப் பிடுங்கிவிட்ட வண்டிகள் சந்தைக்கு வருகின்றன. ஸ்டியரிங் நடுவிலும் டேஷ்போர்டு மேலும் உள்ள மூடிகளின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பசை, பிசிறு, நிற வேறுபாடு எது தெரிந்தாலும் அந்த வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். பேரம்கூடப் பேச வேண்டாம்.

அதே இடத்தில் உட்கார்ந்தபடியே சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறையோ கோடு போட்டதுபோல நீர் அடையாளமோ தெரிகிறதா என்று பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. கழுவி, காய வைத்து, வாசனை அடித்து வெளியூர்களுக்கு அனுப்பினால் பார்வைக்குத் தெரியாது. சீட் பெல்ட்டின் உள் சுருளைக் கழுவ யாருக்கும் நினைவு வராது. இருக்கை நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, கால் விரிப்புக்கு அடியில் ஈர நாற்றம், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் மணல் ஆகியவையும் அதே கதையைச் சொல்லும். தண்ணீரில் நின்ற வண்டியின் ஒயரிங் அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ காட்டிக்கொடுக்கும். மழைக்காலத்தில்தான் கோளாறு வரும், எங்கே என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனால் அவர் பார்த்துவிடுவார். வண்டி காலையில் குளிர்ந்து கிடக்கும்போதுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போகும்போதே பானெட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் குடிக்கிறது. ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த காபி நிறத்தில் கூழாக இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கக்கூடும், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். பானெட்டையும் முன் ஃபெண்டரையும் பிடித்திருக்கும் போல்ட் தலைகளில் பெயின்ட் பெயர்ந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். பட்டி பார்த்த இடத்தில் சின்னக் காந்தம் சரியாக ஒட்டாது. டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு எண்களைப் படியுங்கள். 2318 என்றால் 2018-இன் 23-வது வாரம் செய்த டயர். முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று மீட்டர் சொல்லும்போது, ஸ்டியரிங்கின் தோலும் பிரேக் பெடலின் ரப்பரும் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். வண்டி எண்ணை வைத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால் கடைசியாக எப்போது, எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று பல இடங்களில் சொல்லிவிடுவார்கள். பழைய ஐ10 பார்க்கிறவர்கள் இன்னொன்று கேட்டுக்கொள்ளுங்கள். 1.1 லிட்டர் என்ஜினுக்கு டைமிங் பெல்ட், 1.2 கப்பா என்ஜினுக்குச் செயின். பெல்ட் எப்போது மாற்றியது என்று பில் இல்லாவிட்டால், வாங்கியவுடன் மாற்றிவிட வேண்டும். ஓடும்போது அறுந்தால் என்ஜினே போய்விடும்.

பேப்பர் விஷயத்தில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம் எனக்கு வருத்தம் தருகிறது. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்ட 29, 30-ஆம் எண் படிவங்களை டேஷ்போர்டுக்குள் வைத்துக்கொண்டு வருடக் கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே பெயர் மாற்றாமல் விடுவது உங்களுக்கு விற்றவருக்கும் ஆபத்து. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனர் வாங்கிவந்த நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்வார்கள், அதற்கும் பணம் ஒதுக்குங்கள். பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் லோன் நிலுவையில் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எதுவரை என்று தெரியும். அபராத நிலுவையையும் தனியாகப் பார்த்துவிடுங்கள். லோன் முடிந்தும் ஆர்.சி.யில் எச்.பி. (கடன் அடமானக் குறிப்பு) கேன்சல் ஆகாத வண்டி என்றால், வங்கிக் கடிதமும் 35-ஆம் எண் படிவமும் கைக்கு வராமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வெளிமாநில வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடாதீர்கள். டெல்லியில் 10 வருட டீசல் வண்டிக்கும் 15 வருட பெட்ரோல் வண்டிக்கும் தடை வந்ததிலிருந்து, அங்கிருந்து கார்கள் தெற்கே வருகின்றன. விலை குறைவுதான். ஆனால் அங்கிருந்து தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வர வேண்டும், இங்கே சாலை வரி கட்ட வேண்டும், புது எண் வாங்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகு மலிவாகத் தெரிந்தால் வாங்குங்கள். நம் ஊர் வண்டியிலும் 15 வருடம் நெருங்கியிருந்தால் கவனம் தேவை. 2022 ஏப்ரலிலிருந்து காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் மட்டும் 5,000 ரூபாய். தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) வண்டியைத் தயார் செய்யும் செலவு அதற்கு மேல்.

பேரம் பேசப் போகும் முன் புதிய காரின் இன்றைய விலையையும் பார்த்துவிட்டுப் போங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதன் மேலிருந்த செஸ்ஸும் போயிற்று. புதிய வண்டி விலை இறங்கினால் இரண்டு, மூன்று வருடப் பழைய வண்டி விலையும் இறங்கியாக வேண்டும். பழைய ஷோரூம் விலையை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறவரிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

இனி மாற்றங்களுக்கு வருகிறேன். உங்கள் மனதெல்லாம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதில் தவறும் இல்லை. சொந்தக் காசில் வாங்கிய முதல் வண்டியை அழகாக வைத்துக்கொள்ள ஆசைப்படுவது நல்ல ஆசை. கையில் நான்கு லட்சம் இருந்தால் மூன்றேகால், மூன்றரைக்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். மிச்சம் அந்த வண்டிக்கே தேவைப்படும். அந்த மிச்சத்தில் முதல் பங்கு டயருக்கு.

தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது நான்கு டயரும் சேர்த்து நான்கு உள்ளங்கை அகலம்தான். பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஏ.பி.எஸ்.ஸும் எல்லாம் அந்த நான்கு உள்ளங்கையை நம்பித்தான் வேலை செய்கின்றன. ஐந்தாறு வருடத்துக்கு மேலான டயர், பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும், ஈரச் சாலையில் பிடிக்காது. நல்ல கம்பெனி டயர் நான்கு போட இருபதாயிரத்தை ஒட்டி ஆகும். பெரிய டயர் வேண்டும் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. ஸ்விஃப்ட்டின் கீழ் வகைகளுக்குக் கம்பெனி கொடுத்தது 165/80 ஆர்14. உயர் வகைக்குக் கொடுத்தது 185/65 ஆர்15. கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலாவதன் மொத்த விட்டம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர், இரண்டாவதன் விட்டம் 621.5. உயரம் ஒன்றேதான், அகலம் 20 மில்லிமீட்டர் கூடுகிறது, ரிம் ஓர் அங்குலம் பெரிதாகிறது. அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, வீல் வளைவில் உரசாது, மைலேஜும் பெரிதாக அடிபடாது. நான் ஒத்துக்கொள்ளும் அளவு அதுதான். 16, 17 அங்குலம் போட்டு மெல்லிய டயரோடு நம் ஊர்க் குழிகளில் இறக்கினால் ரிம் வளையும், டயரின் பக்கச் சுவர் புடைக்கும். வேறு வண்டிக்குச் செய்த ரிம்மை ஸ்பேசர் வைத்து மாட்டுவது அதைவிட மோசம், பேரிங் தேய்ந்துவிடும். எந்த ரிம் போட்டாலும் பேலன்சிங், அலைன்மென்ட் செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது பிரேக். பழைய வண்டி கைக்கு வந்ததும் முன் பேடு, பின் டிரம் இரண்டையும் திறந்து பார்த்துவிட்டு, பிரேக் ஆயிலைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம், இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டியது. பலர் வண்டி வாங்கிய நாளிலிருந்து தொடுவதே இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் குடும்பத்தோடு இறங்கும்போது, பிரேக்கை மிதித்து மிதித்து சூடேறினால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும். அப்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. செய்கூலியோடு சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வரை ஆகும் வேலை இது.

கூடவே லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஷாக் அப்சார்பர் ஆகியவற்றையும் லிஃப்ட்டில் ஏற்றிப் பாருங்கள். தேய்ந்த புஷ்களை மாற்றினாலே வண்டி புதிது மாதிரி ஓடும். இந்த வேலையைச் செய்துகொண்டு போகிறவர் முகத்தில் வரும் சந்தோஷம், அலாய் போட்டுக்கொண்டு போகிறவர் முகத்தில் வருவதைவிட அதிகம். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

விளக்கு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இரவில் சரியாகத் தெரியவில்லை என்று உடனே எல்.இ.டி. பல்பு வாங்கி மாட்டுகிறார்கள். இந்தக் கார்கள் பலவற்றில் இருப்பது 60/55 வாட் எச்4 ஹாலஜன். அதன் பிரதிபலிப்பான் அந்த இழை இருக்கும் இடத்துக்கென்றே வடிவமைத்தது. வேறு பல்பை அங்கே வைத்தால் ஒளி சிதறி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், உங்கள் சாலையில் விழ வேண்டியது விழாது. 100/90 வாட் பல்பு போட்டால் ஹோல்டர் உருகும். முதலில் விளக்குக் கண்ணாடியைப் பாருங்கள். வெயிலில் மஞ்சள் பூத்திருக்கும். ஆயிரம், இரண்டாயிரம் எண் வாட்டர் பேப்பரில் தேய்த்து, பாலிஷ் போட்டு, வெயில் தாங்கும் கிளியர் கோட் அடித்தால் பாதி வெளிச்சம் அங்கேயே திரும்பி வந்துவிடும். பிறகு ரிலே வைத்த தனி ஒயரிங் செட் ஒன்று மாட்டி, அதே 60/55 வாட்டில் நல்ல கம்பெனி பல்பு போடுங்கள். பழைய சுவிட்ச் வழியாகச் சுற்றிப் போகும்போது விழுகிற வோல்ட்டேஜ் நேராகப் பல்புக்குப் போய்ச் சேரும். விளக்கின் உயரத்தைச் சுவரில் அடித்துப் பார்த்துச் சரி செய்யுங்கள். இவ்வளவும் செய்தும் போதவில்லை என்று என்னிடம் திரும்பி வந்தவர்கள் மிகக் குறைவு.

மியூசிக் சிஸ்டம் போடுங்கள், ரிவர்ஸ் கேமரா போடுங்கள். கேமரா வீட்டு வாசலில் விளையாடும் குழந்தைகளுக்காகவே போட வேண்டியது. ஒரே ஒரு நிபந்தனை. வண்டியின் ஒயரை வெட்டாமல், கப்ளரோடு கப்ளர் மாட்டும் செட் வாங்குங்கள், தனி ஃபியூஸ் இருக்கட்டும். ஒயரை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு கோடைக்காலத்தில் இளகும். தீப்பிடித்த வண்டிகளில் அப்படிப்பட்ட இணைப்பை நான் பார்த்திருக்கிறேன். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வரும் இந்தக் காலத்தில், பழைய வண்டியின் பெட்ரோல் ஹோஸ்களில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்றும் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். இளகிய ஒயர் இணைப்பும் பெட்ரோல் கசிவும் சேர்ந்தால் ஆபத்து.

செய்யக் கூடாதவை சில. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நிறத்தை மாற்றினாலோ காஸ் கிட் பொருத்தினாலோ ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். கறுப்பு ஃபிலிம் ஒட்ட 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. முன்னால் இரும்புக் கம்பி மாட்டும் புல் பாருக்கு 2017 டிசம்பரில் மத்திய அரசு தடை விதித்தது. நடந்து போகிறவர் மேல் பட்டால் அது உயிரை எடுக்கும். மோதல் விசையை வேறு பக்கம் திருப்பி, சென்சாருக்குச் செய்தி போகவிடாமல் உங்கள் ஏர்பேக்கையும் கெடுக்கும். பழைய ஓனர் மாட்டியிருந்தால் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிடுங்கள். வெட்டி ஒட்டிய ஒயரையும் மாற்றிய சைலன்சரையும் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுத்தால், அப்போது சண்டை போட்டுப் பயனில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பட்டறைக்கு வரும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் பின் இருக்கையில் சீட் பெல்ட் இருக்கும், அதை மாட்டும் கொக்கி இருக்காது. சீட் கவர் போட்டவர் அதை மெத்தைக்கு அடியில் அமுக்கிவிட்டிருப்பார். அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும் வருடக் கணக்கில் அதன் மேலேயே உட்கார்ந்து பயணம் செய்கிறார்கள். பின்னால் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம், போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள். மோதலில் பெல்ட் போடாமல் பின்னால் இருப்பவர் முன் இருக்கையின் மேல் வந்து விழுந்தால், முன்னால் இருப்பவருக்கு எந்த ஏர்பேக்கும் முழுமையாக உதவாது. வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கு, பூ வைத்து எலுமிச்சம்பழம் நசுக்குவதற்கு முன்னால், பின் இருக்கையைத் தூக்கி அந்தக் கொக்கிகளை வெளியே எடுத்துவிடுங்கள். சீட் கவர் வழி மறித்தால் கவரில் துளை போடுங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

அன்புடன்,
உங்கள் பட்டறைக்கார அண்ணன்